மங்கல வாத்தியக் கலைஞரும் நல்லொழுக்கமும்

யாழ்ப்பாணம் என்ற பெயரே இசையோடு ஒட்டிப் பிறந்த பெயராகும். யாழ் வாசித்து மன்னனை மகிழ்வித்த பாணர் ஒருவர் பரிசிலாகப் பெற்ற மணற்றிடலே பின்னர் யாழ்ப்பாணம் எனப் பெயர் பெற்றது என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறுகின்றது. வரலாற்று ஆய்வாளர் இக்கதையை ஏற்பினும் மறுப்பினும், கலைஞர் ஒருவருக்கு ஊரையே கொடுத்ததாகச் சொல்லிப் பெருமைப்படும் மக்கள் இம்மண்ணில் வாழ்ந்து வந்துள்ளனர் என்பது உறுதி. அந்த யாழ் இன்று வழக்கில் இல்லை. அதன் இடத்தில் நின்று கோயில்தோறும் வீடுதோறும் மங்கலம் சேர்ப்பவை நாதஸ்வரமும் தவிலும் ஆகும்.

நாதஸ்வரம், தவில், தாளம், சுருதி ஆகிய நான்கும் சேர்ந்ததே மங்கல வாத்தியக் குழு. ஊர் வழக்கில் இதனை மேளம் என்பர். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையும், பொன்னுருக்கு முதல் தாலிகட்டு வரையும் மேளம் இல்லாமல் எந்த நிகழ்வும் நிறைவு பெறுவதில்லை. இத்தகைய கலையைக் கையில் எடுப்பவருக்கு வித்துவம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஒழுக்கமும் வேண்டும். வித்துவத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். திருவிழா முடிந்ததும் வீதியில் நின்று, இன்னார் வாசித்த இராகம் எப்படி, இன்னார் அடித்த தனி எப்படி என்று விடியும் வரை பேசும் இரசிகர்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் உள்ளனர். ஆனால் குழுவினர் நேரத்திற்கு வந்தார்களா, கிரியைக்கு இசைய வாசித்தார்களா, தம்முள் ஒற்றுமையாக இருந்தார்களா என்பவற்றை அதே அக்கறையோடு பேசுவோர் குறைவு. அவை வாசிப்பிற்குப் புறம்பானவை என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் அவை வாசிப்பின் பாதியாகும்.

வழிபாட்டின் ஓர் அங்கம்

சபா மண்டபத்தில் நடைபெறும் கச்சேரியில் நடுநாயகமாக இருப்பவர் பாடகர் அல்லது வாத்தியக் கலைஞர். சபையோர் அவரைக் கேட்கவே வருகின்றனர். கோயிலில் நடுநாயகமாக இருப்பவர் சுவாமி. அங்கே குருக்கள் மந்திரத்தால் செய்யும் தொண்டை, ஓதுவார் திருமுறையால் செய்யும் தொண்டை, கலைஞர் நாதத்தால் செய்கின்றார். இந்த வேறுபாட்டை உணர்ந்து கொண்டால் மற்ற ஒழுக்கங்கள் யாவும் தாமே வந்து சேரும்.

சுவாமி புறப்படும் வேளையில் கம்பீரநாட்டை இராகத்தில் மல்லாரி வாசிக்கப்படுகின்றது. அதற்குச் சாகித்தியம் இல்லை. சொல் இல்லாத அந்த இசையைக் கேட்டவுடனேயே தொலைவில் உள்ள வீட்டிலிருப்பவர், சுவாமி வெளியே வருகிறார் என்று அறிந்து நிறைகுடத்தைப் படலையடிக்கு எடுத்து வைக்கின்றார். வீதியில் இராக ஆலாபனையும் கீர்த்தனைகளும் விரிவாக இடம்பெறும். இருப்பிடம் திரும்பியதும் ஊஞ்சல், பள்ளியறை ஆகியவற்றுக்கு ஏற்ப நீலாம்பரி, ஆனந்தபைரவி போன்ற இராகங்கள் ஒலிக்கும். விடியற்காலையில் பூபாளம், பௌளி என்று வேளைக்கும் இராகம் உண்டு. ஆகவே மேளம் என்பது ஊருக்கு நேரம் சொல்லும் வாத்தியமும் ஆகும். பிழையான வேளையில் பிழையான இராகத்தை வாசிப்பவர் இசையில் மட்டுமன்றி, ஊராருக்குச் சொல்லும் செய்தியிலும் பிழை விடுகின்றார்.

தீபாராதனையின் போது எழும் கெட்டிமேளத்தையும் நோக்குக. குருக்கள் தீபத்தை உயர்த்தும் கணத்தில் அது எழ வேண்டும். தாலிகட்டு வேளையிலும் அவ்வாறே. அந்தக் கணத்தில் தவிற்கலைஞரின் கண் குருக்களின் கையில் இருக்க வேண்டுமேயன்றி, அருகிலிருப்பவரோடு உரையாடுவதிலோ கைத்தொலைபேசியிலோ இருத்தல் ஆகாது. ஒரு கணம் பிந்திய கெட்டிமேளத்தை மறுபடி வாசித்துத் திருத்த முடியாது. அந்தக் குடும்பத்திற்கு அது வாழ்நாளில் ஒரு தடவை வரும் கணமாகும்.

ஈழத்து மேள மரபு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அளவெட்டி, இணுவில், சாவகச்சேரி முதலிய ஊர்கள் நாதஸ்வர, தவிற் கலைக்குப் பேர்பெற்றவை. தமிழகத்து வித்துவான்கள் திருவிழாக் காலங்களில் இங்கு வந்து வாசிப்பதும், இங்குள்ளோர் அங்கு சென்று பயில்வதும் நெடுங்கால வழக்கமாக இருந்தது. இணுவிலில் 1933ஆம் ஆண்டு பிறந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டு மறைந்தார். நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்னரே மறைந்த அவருடைய வாசிப்பைத் தமிழகத்து முன்னணிக் கலைஞர்களும் வியந்து போற்றினர். அம்ஷன் குமார் இயக்கிய அவரைப் பற்றிய ஆவணப்படம் இந்திய தேசிய விருதும் பெற்றது. நாதஸ்வரத்தில் அளவெட்டி என்.கே. பத்மநாதன், சாவகச்சேரி கே.எம். பஞ்சாபிகேசன் ஆகியோர் பெரும் புகழ் பெற்றனர். 2003ஆம் ஆண்டு மறைந்த பத்மநாதனின் நாதஸ்வர இசை நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோடு பல்லாண்டு இணைந்திருந்தது. நல்லூர்த் திருவிழாவை நினைக்கும் முதியோர் பலருக்கு அவரது நாதஸ்வரமும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இம்மரபு எளிதாகக் காக்கப்பட்ட ஒன்றன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்த போது வீடு வாசலை விட்டுச் சென்றவர்களுள் கலைஞர் குடும்பங்களும் அடங்குவர். போர்க் காலத்தில் பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். பின்னர் 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் திருவிழாக்கள் சுருங்கி, மண்டபத் திருமணங்கள் நின்ற போது, நாளாந்தச் சன்மானத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பெரிதும் துன்புற்றன. இவ்வளவையும் தாண்டி நிற்கும் கலையை இன்று கையிலெடுக்கும் இளைஞர், தாம் ஒரு தொழிலை மட்டுமன்றி ஒரு பொறுப்பையும் ஏற்கின்றோம் என்பதை உணர வேண்டும்.

காலந் தவறாமை

இசையில் லயம் என்பது காலத்தைத் தவறாது பிடித்து நிற்றல். ஆவர்த்தனத்தில் கால் மாத்திரை பிசகினாலும் முகம் சுளிக்கும் கலைஞர், கோயிலுக்கு அரை மணி நேரம் பிந்தி வந்தால் அது எவ்வாறு பொருந்தும்? உள்ளே உள்ள காலமும் வெளியே உள்ள காலமும் ஒன்றே.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலாகும். ஆடி அமாவாசையின் பின் ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசையன்று தீர்த்தத்தோடு நிறைவுறும் 25 நாள் மகோற்சவத்தில் ஒவ்வொரு கிரியையும் குறித்த நேரத்தில் நடைபெறுவது உலகறிந்த செய்தி. 2021ஆம் ஆண்டு மறைந்த நிர்வாகி குமாரதாஸ மாப்பாண முதலியார் பல்லாண்டு காலம் கட்டிக்காத்த ஒழுங்கு இது. எவருக்காகவும் பூசை காத்திருப்பதில்லை. இலட்சக்கணக்கான அடியார் கூடும் தேர்த் திருவிழாவிலும் மணி தவறுவதில்லை. மணி ஒலிக்கும் வேளையில் மேளமும் தயாராக நிற்க வேண்டும். பெருங்கோயிலுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று ஊர்க்கோயில்கள் எண்ணலாகாது. அடியார் பத்துப் பேர் நிற்கும் கோயிலிலும் சுவாமி ஒருவரே.

நேரத்திற்கு வருதல் என்பது பூசை தொடங்கும் நேரத்திற்கு வாசலில் வந்து இறங்குவதன்று. சீவாளியை நனைத்துப் பதம் பார்க்கவும், தவிலை இழுத்துச் சுருதி கூட்டவும், விரற்கூடுகளை மாட்டவும் நேரம் வேண்டும். குருக்களிடம் அன்றைய கிரியை முறையைக் கேட்டறியவும் வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் முந்தி வந்து, கைகால் கழுவி, திருநீறு அணிந்து, சுவாமியை வணங்கிய பின் வாத்தியத்தைத் தொடுதல் முன்னோர் கைக்கொண்ட முறை.

வாக்குத் தவறாமை

ஆடி, ஆவணி மாதங்களிலும் வைகாசியிலும் ஒரே நாளில் பல கோயில்களில் திருவிழா நடைபெறும். முகூர்த்த நாளாயின் திருமணங்களும் சேர்ந்து கொள்ளும். இக்காலத்தில் நல்ல குழுக்களுக்கு அழைப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இங்கேதான் கலைஞரின் நேர்மை சோதிக்கப்படுகின்றது.

ஒரு நிகழ்வை நினைத்துப் பார்க்கலாம். ஊர்க்கோயில் ஒன்றில் சப்பறத் திருவிழா. உபயகாரர் ஆறு மாதத்திற்கு முன்பே முற்பணம் கொடுத்து ஒரு குழுவை ஒழுங்கு செய்துள்ளார். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள், வயது முதிர்ந்த தாயார், ஊரவர் யாவரும் கூடி நிற்கின்றனர். சுவாமி வசந்த மண்டபத்தில் அலங்காரத்தோடு எழுந்தருளியிருக்கின்றார். மேளத்தைக் காணவில்லை. குழுவினர் வேறோர் ஊரில், கூடிய சன்மானத்திற்கு ஏற்றுக்கொண்ட திருமணத்தை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருக்கின்றனர். வந்து சேர்ந்தபோது ஒருவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. மற்றவருக்கு மூச்சு இல்லை. அன்றிரவு மல்லாரி பெயரளவில் ஒலித்தது. அந்த உபயகாரர் மறு ஆண்டு ஒலிநாடாவையோ இறுவட்டையோ போட்டுத் திருவிழாவை நடத்தலாம் என்று நினைப்பாராயின் அவரைக் குறை சொல்ல முடியுமா? ஒரு குழு செய்த தவற்றுக்கு மேள மரபே தண்டம் கட்ட நேர்கின்றது.

ஆதலால் ஏற்றுக்கொண்ட நிகழ்வை, அதைவிடப் பெரிய தொகை வந்தது என்பதற்காகக் கைவிடுதல் கூடாது. ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகளை ஏற்பதாயின் இடையில் உள்ள தூரம், உணவு, ஓய்வு ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே ஏற்க வேண்டும். நோய், மரணத் துடக்கு போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் வரமுடியாது போனால், முற்கூட்டியே அறிவித்து, தமக்கு நிகரான கலைஞரைத் தாமே ஒழுங்கு செய்து கொடுக்க வேண்டும். யார் யார் வருவர், எத்தனை தவில், எத்தனை மணி நேரம், போக்குவரத்து யாருடையது, சன்மானம் எவ்வளவு என்பவற்றைப் பேசிய அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்து மனக்கசப்புகளிற் பெரும்பாலானவை எழுதி வைக்காமையால் வருபவையே. நாட்குறிப்பு ஒன்றில் நிகழ்வுகளை ஒழுங்காகப் பதியும் கலைஞருக்கு ஒரே நாளை இருவருக்குக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் நிலை வராது.

வாத்தியத்தைப் பேணுதல்

நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அடியில் சுருதியைச் சரிப்படுத்தும் துளைகள் ஐந்து. உலவு, அணசு, கெண்டை, சீவாளி என்ற உறுப்புகளுள் சீவாளியே மிகவும் மென்மையானது. நாணல் வகைத் தட்டையால் செய்யப்படும் அது எந்த வேளையிலும் பிளக்கக் கூடியது. ஆகவே பதம் பார்த்த மாற்றுச் சீவாளிகள் இரண்டு மூன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். நாதஸ்வரத்தில் நூலில் கட்டித் தொங்கவிடப்படும் சீவாளிகள் அலங்காரத்திற்காக அன்று. நடு வீதியில் சுவாமியை நிறுத்தி வைத்து, சீவாளிக்கு ஆளனுப்பிய குழு தன் கவனக்குறைவை ஊருக்கே அறிவித்ததாகும்.

பலா மரத்தில் கடைந்தெடுக்கப்படும் தவிலின் தோல் காலநிலைக்கு ஏற்ப மாறும். ஆவணி வெயிலில் அது இறுகும். மார்கழித் திருவெம்பாவைப் பனியில் தளரும். முன்னர் தோல் வார் கொண்டு இழுத்த தவில்களே இருந்தன. இப்போது இரும்பு வளையமும் திருகாணியும் கொண்டவை பெரும்பாலும் வழக்கில் உள்ளன. இழுப்பது இலகுவாயிற்று என்பதற்காகச் சுருதி பார்க்காமல் விடலாகாது. வலக்கைக்குரிய விரற்கூடும் இடக்கைக்குரிய கழியும் மாற்றாக ஒவ்வொன்று இருத்தல் நன்று. சுருதிப்பெட்டிக்கு மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும். வாத்தியத்தைக் காலணிகளுக்கு அருகில் வைத்தல், கடந்து செல்லல், அதன்மேல் சாய்ந்திருத்தல் ஆகியன முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டியவை. தன் வாத்தியத்தைத் தானே மதிக்காதவரை ஊர் மதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தல்

பெரியபுராணத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி எல்லா இசைக்குழுவினரும் அறிய வேண்டியது. திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இட்டு வாசித்து வந்தார். தருமபுரத்தில் இருந்த பாணரின் உறவினர், யாழில் வாசிப்பதனாலேயே பதிகங்களின் சிறப்பு உலகிற் பரவுகின்றது என்றனர். இதைக் கேட்டு மகிழ வேண்டிய பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடி அருளுமாறு அவரே சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தரும் அவ்வாறே பாடினார். வாசிக்க முயன்று இயலாது போகவே பாணர் யாழை முறிக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து, கருவியில் அடங்கிய அளவுக்கு வாசித்து வருமாறு பணித்தார். பக்கவாத்தியக்காரர் தன்னைப் பற்றிய மிகைப் புகழை ஏற்கவில்லை. முதன்மையாளரோ தம் வெற்றியைக் காட்டி அவரை இழிவு செய்யவில்லை. குழு ஒழுக்கத்திற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை எனலாம்.

யாழ்ப்பாணத்து இரசிகருக்குத் தவிலில் பெருவிருப்பு உண்டு. இரண்டு, நான்கு, அதற்கு மேலும் தவில்கள் சேர்ந்து முழங்கும் மேளச் சமாவைக் கேட்க அயலூர்களிலிருந்தும் மக்கள் வருவர். கைதட்டலும் ஆரவாரமும் பெருகும் போது தவிற்கலைஞர் தம்முள் போட்டியில் இறங்குவது இயல்பு. போட்டி ஆரோக்கியமானதே. ஆயினும் மற்றவர் சொல்லி முடிக்குமுன் குறுக்கே விழுதல், அவர் கணக்கில் பிசகிய இடத்தைச் சபைக்குக் காட்டிச் சிரித்தல், அவருக்குரிய நேரத்தையும் தாமே எடுத்துக்கொள்ளல் ஆகியன கலையாகா. நாதஸ்வரக் கலைஞர் இராகத்தை மெல்ல விரிக்கும் வேளையில் தவிற்கலைஞர் அமைதி காப்பதும் வாசிப்பின் ஒரு பகுதியே. அவ்வாறே தனி நடைபெறும் போது நாதஸ்வரக் கலைஞர் எழுந்து வெளியே செல்லாமல் இருந்து தாளம் போட்டுக் கேட்பது மரியாதை. இரு குழுக்கள் மாறி மாறி வாசிக்கும் சமாவில் முன்னவர் விரித்த இராகத்தையே பின்னவரும் எடுத்தல் தவிர்க்கத் தக்கது. ஒதுக்கிய நேரத்தை மீறுதலும் முறையன்று.

குழுவில் தாளம் போடுபவர் பெரும்பாலும் வயதில் இளையவராக இருப்பார். பலர் கலைக்குள் நுழையும் முதற்படி அதுவே. அந்தச் சிறுவன் இன்று கேட்கும் சொல்லையே நாளை தன் மாணவனுக்குச் சொல்வான். சபையில் அவனைக் கடிந்து பேசுதல், எடுபிடி ஆளாக நடத்துதல், அவனுக்குரிய பங்கைக் குறைத்தல் ஆகியன அவனைக் கலையிலிருந்தே விரட்டிவிடும். சன்மானத்தைக் குழுத் தலைவர் பெற்றுக்கொண்டால், பெற்ற தொகையை மறைக்காது சொல்லி, பேசியபடி அன்றே பங்கிட வேண்டும். குழுக்கள் உடைவது இசைக் காரணத்தால் அன்று. கணக்குக் காரணத்தாலேயே பெரும்பாலும் உடைகின்றன.

இடமறிந்து வாசித்தல்

நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலர், கோயிலில் நடைபெறும் ஆடல் பாடல் வழிபாட்டுக்கு இசைவாக அமைய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அவ்விவாதம் அக்காலத்துக்குரியது எனினும் அதில் எழும் கேள்வி இன்றும் உள்ளது. வீதியுலாவின் போது இளைஞர் கூட்டம் ஒன்று சினிமாப் பாடல் கேட்கின்றது. பணமும் நீட்டப்படுகின்றது. கலைஞர் என்ன செய்ய வேண்டும்?

திருமண வரவேற்பு மண்டபத்தில் இசைக்குரிய தூய்மை கெடாமல் மெல்லிசை வாசிப்பதில் குற்றம் காண வேண்டியதில்லை. அது வேறு இடம். சுவாமிக்கு முன்னால் வாசிப்பது வேறு. அங்கு மல்லாரி, இராகம், கீர்த்தனை, திருப்புகழ், தேவாரப் பண் என்று அள்ள அள்ளக் குறையாத செல்வம் இருக்கின்றது. கேட்டவரை அவமதிக்காமல், புன்முறுவலோடு, முருகன் மேல் அமைந்த கீர்த்தனை ஒன்றையோ திருப்புகழையோ விறுவிறுப்பாக வாசித்துக் காட்டினால் கேட்டவரே மகிழ்வர். இரசனையைத் தாழ்த்திக் கைதட்டல் பெறுவது எளிது. உயர்த்திப் பெறுவது அரிது. அரியதைச் செய்யவே வித்துவான் என்ற பெயர் கொடுக்கப்படுகின்றது.

தோற்றமும் உடல்நலமும்

வேட்டி, சால்வை, திருநீறு, சந்தனம் என்பன கலைஞரின் தோற்றத்திற்குப் போதுமானவை. அவை தூய்மையாக இருக்க வேண்டும். குழுவினர் யாவரும் ஒரே நிறக் கரையுள்ள வேட்டி உடுத்து வருவது பார்வைக்கு ஒழுங்கைத் தரும். சங்கிலி, மோதிரம், தங்கப் பதக்கம் ஆகியன விருதின் அடையாளமாக இருக்கலாம். பெருமிதம் காட்டும் கருவியாதல் கூடாது.

மதுபானம் அருந்திவிட்டு வாத்தியத்தைத் தொடுதல் எந்த வகையிலும் மன்னிக்கத்தக்கதன்று. களைப்புத் தீர என்று தொடங்கும் இப்பழக்கத்தால் கை நடுங்கி, மூச்சுக் குறைந்து, இளவயதிலேயே கலையை இழந்தோர் உண்டு. வெற்றிலை, புகையிலை ஆகியனவும் வாய்க்கும் மூச்சுக்கும் பகை என்பதை நாதஸ்வரக் கலைஞர் சிறப்பாக உணர வேண்டும். உபயகாரரும் உபசாரம் என்ற பெயரில் இவற்றைக் கொடுத்துக் கலைஞரைக் கெடுக்கலாகாது.

செவியைப் பேணுதல் பற்றி முன்னோர் அதிகம் பேசியதில்லை. இன்று அறிவியல் அதைப் பேசுகின்றது. 85 டெசிபல் அளவுள்ள ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்டல் செவிக்குத் தீங்கு என்பர். ஒலி ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். அக்கணக்கின்படி 100 டெசிபல் ஒலியைக் கேட்கத்தக்க நேரம் ஏறத்தாழ 15 நிமிடம் மட்டுமே. தவிலும் நாதஸ்வரமும் திறந்த வெளிக்கென அமைந்த, இயல்பிலேயே உரத்த வாத்தியங்கள். அவற்றை மூடிய மண்டபத்தில் ஒலிபெருக்கியோடு, அதுவும் கலைஞரின் காதருகே ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்து வாசிப்பித்தல் பெருந்தீங்கு. காதில் இரைச்சல் கேட்கத் தொடங்கினால் மருத்துவரை நாடக் காலந் தாழ்த்தலாகாது. செவி போனால் சுருதி போயிற்று.

கோயிலாரின் கடன்

ஒழுக்கம் ஒரு பக்கத்திற்கு மட்டும் உரியதன்று. கலைஞரிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் பரிபாலன சபையாரும் உபயகாரரும் தம் கடமையையும் எண்ண வேண்டும்.

மதுரைத் திருவாலவாயில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வெறுந்தரையில் இருந்து வாசித்தபோது, நிலத்தின் ஈரம் யாழைத் தாக்கும், ஆகவே பொற்பலகை இடுக என்று இறைவன் வானொலியாய் அருளினார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் பாணருக்கும் அவர் துணைவியாருக்கும் வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் அருகிலேயே தங்க இடம் கொடுத்தார். குலத்தின் பெயரால் புறத்தே நிறுத்தப்பட்ட ஒருவருக்கு இறைவனும் அடியாரும் கொடுத்த இடம் இது. ஆனால் ஈழத்திலும் தமிழகத்திலும் நாதமே வழிபாடு என்று போற்றிய வாயாலேயே அதை இசைத்தவரை ஒருமையில் அழைத்த காலம் இருந்தது. இருக்கை கொடாமல் நிற்க வைத்த காலமும், வேறு பந்தியில் உணவிட்ட காலமும் இருந்தன. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்றோர் மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பை வற்புறுத்திப் பெற்றது தமக்காக மட்டும் அன்று. பின்வரும் தலைமுறைக்காகவும் ஆகும்.

ஆகவே கலைஞர் வந்திறங்கியதும் ஒருவர் எதிர்கொண்டு அழைத்தல் வேண்டும். உடைமாற்ற ஓர் அறை, குடிநீர், அமர விரிப்பு, வேளைக்கு உணவு ஆகியன ஒழுங்கு செய்யப்பட வேண்டும். வயதில் இளையவராயினும் 'வாங்கோ, இருங்கோ' என்று மரியாதையாக அழைத்தல் வேண்டும். ஆவணி வெயிலில் வெறுங்காலோடு வீதி சுற்றும் கலைஞருக்கு நிலத்தில் நீர் தெளித்துக் கொடுப்பது சிறு காரியம். அதன் பயன் பெரிது. பேசிய சன்மானத்தைத் திருவிழா முடிந்த அன்றே, உறையில் இட்டு, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து வழங்க வேண்டும். நாளைக்கு வந்து வாங்குங்கள் என்று அலைய விடுதல் கோயிலுக்குப் பெருமையன்று. பேசிய நேரத்திற்கு மேல் வாசிக்கக் கேட்பதாயின் அதற்குரியதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொன்னாடை போர்த்துவது நன்று. ஆயினும் பொன்னாடை சன்மானத்திற்கு ஈடாகாது.

இளங் கலைஞர் மனதிற் கொள்ள வேண்டியவை

1. பூசைக்கு அரை மணி நேரம் முந்தி வந்து, வணங்கி, சுருதி கூட்டி ஆயத்தமாக இருத்தல்.
2. ஏற்ற நிகழ்வைப் பணத்திற்காகக் கைவிடாமை.
3. ஒப்பந்தத்தை எழுதி வைத்தல். நாட்குறிப்புப் பேணல்.
4. மாற்றுச் சீவாளி, விரற்கூடு, கழி ஆகியவற்றைத் தவறாது கொண்டு செல்லல்.
5. கிரியை வேளையில் கண் குருக்களிடத்தும் காது குழுவினரிடத்தும் இருத்தல்.
6. கைத்தொலைபேசியை ஒலியடக்கி வாத்தியப் பெட்டியில் வைத்தல்.
7. மற்றவர் வாசிக்கும் போது அமைதியாகக் கேட்டல். பிறர் பிழையைச் சபையில் காட்டாமை.
8. இடத்திற்கும் வேளைக்கும் ஏற்ற இராகம், உருப்படிகளைத் தெரிந்து வாசித்தல்.
9. மது, புகை தவிர்த்தல். செவியையும் மூச்சையும் பேணுதல்.
10. சன்மானத்தை வெளிப்படையாகப் பங்கிடல்.
11. எவ்வளவு நிகழ்வுகள் இருப்பினும் நாளாந்தச் சாதகத்தை விடாமை.
12. குருவையும் மூத்தோரையும் மறவாமை. இளையோரை அணைத்துச் செல்லல்.

இவற்றுள் எதுவும் புதியதன்று. அளவெட்டியிலும் இணுவிலிலும் குருகுலமாக வாழ்ந்து பயின்ற காலத்தில் இவை தனிப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. குருவின் வீட்டில் தண்ணீர் அள்ளி, அவருக்கு முன் எழுந்து, அவரோடு கோயிலுக்கு நடந்து, அவர் வாத்தியத்தைத் தொடும் முறையைப் பார்த்தே மாணவர் கற்றுக்கொண்டனர். இன்று வாரத்தில் இரு மணி நேர வகுப்பாகவும், இறுவட்டிலும் இணையத்திலும் கேட்டுப் பழகுவதாகவும் கல்வி மாறிவிட்டது. கணக்குகளும் கோர்வைகளும் அவ்வழியில் வந்து சேரலாம். குரு வாழ்ந்து காட்டிய முறை அவ்வழியில் வராது. ஆகவேதான் முன்னர் பார்த்துக் கற்றதை இன்று எழுதியும் சொல்லியும் கற்பிக்க வேண்டியுள்ளது.

திருவிழா முடிந்து கொடி இறங்கியதும் பந்தல் கழற்றப்படும், கடைகள் எடுக்கப்படும், வீதி வெறுமையாகும். ஊரவர் மனத்தில் எஞ்சி நிற்பது சுவாமி வெளிவந்த வேளையில் எழுந்த அந்த மல்லாரியே. அதை வாசித்த கலைஞரின் நினைவும் அதனோடு சேர்ந்தே நிற்கும். அந்த நினைவு நல்ல நினைவாக இருக்க வித்துவமும் ஒழுக்கமும் இரு தண்டவாளங்கள் போல் ஒன்றாகவே செல்ல வேண்டும். மங்கல நாதம் என்றும் குறைவின்றி ஒலிக்கவும், அதை இசைப்போர் குடும்பங்கள் சீரும் சிறப்புமாக வாழவும் நல்லூர்க் கந்தன் திருவருள் புரிவானாக.